பூட்டியிருந்த சங்கு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் இருக்கிறவர்களும் உள்ளே வந்துவிடுங்கள். காற்று என் பேச்சைப் பாதியில் அள்ளிக்கொண்டு போய்விடும். இன்றைக்கு ஒரு ஐஸ்காரியின் கதை சொல்கிறேன். சில இடத்தில் சிரிப்பு வரும், சிரித்துக்கொள்ளுங்கள். சில இடத்தில் குமட்டும். அதில் நான் சர்க்கரை தடவித் தரப்போவதில்லை. ஆனால் யாரையும் கலங்கிய வயிற்றோடு எழுப்பி அனுப்பமாட்டேன், அது என் பொறுப்பு.

தார் ரோடு முடிந்து, மண் ரோடும் கடலைப் பார்த்துத் திகைத்து நின்றுவிடுகிற இடம் அது. பதினோரு படகு, நாற்பது வீடு, மேட்டில் ஒரு ஐஸ் கொட்டகை. வாரத்தில் இரண்டு தடவை லாரியில் ஐஸ் கட்டி வரும். ஐஸ்காரி அதை இரும்புக் கொக்கியால் இழுத்து, மரத்தூளுக்குள் புதைத்து வைப்பாள். படகு வரும் நேரத்தில் கட்டியைத் தோண்டி எடுத்து, சாக்கில் சுற்றி, மரச்சுத்தியலால் அடித்து நொறுக்கிக் கூடைகளில் கொட்டுவாள். இருபது வருஷமாக அந்த வேலைதான். அவள் விரல் நுனிகளில் உணர்ச்சி போய்விட்டது. அடுப்பில் கொதிக்கிற பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்குவாள். பார்க்கிற நமக்குத்தான் கை சுடும்.

அந்தக் கொட்டகையின் பக்கத்தில், இடுப்பளவு கல் மேடையில், ஒரு சங்கு இருந்தது. கடலில் கிடைக்கிற சங்கு இல்லை. இரும்பில் செய்தது. உள்ளே ஓர் உருளை, உருளையைச் சுற்றிச் சின்னச் சின்ன சன்னல்கள், பக்கவாட்டில் கைப்பிடி. சுற்றினால் முதலில் முனகும், பிறகு எழும்பி எழும்பி, ஊரைத் தாண்டிக் கடலில் நாலு மைல் வரைக்கும் ஊளையிட்டுக்கொண்டு போகும். ஒரு தடவை ஊதினால் ஐஸ் லாரி வந்தாச்சு என்று அர்த்தம். மூன்று தடவை நீளமாக ஊதினால் காற்று வருகிறது, யோசிக்காதே, வலையை அறு, கரைக்கு ஓடி வா என்று அர்த்தம். துறைமுக ஆபீஸிலிருந்து ஐஸ்காரிக்குத்தான் போன் வரும். சுற்றுகிற கையும் அவள் கைதான்.

அந்தச் சங்கு சும்மா வந்ததில்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் காற்று திரும்பிய ஒரு மத்தியானம், பெண்கள் தகரத்தைத் தட்டிக் கூப்பிட்டார்கள். எல்லாப் படகும் வந்தன. ஐஸ்காரியின் நாத்தனார் புருஷன் படகு மட்டும் வரவில்லை. பக்கத்துப் படகில் இருந்தவர்கள் சொன்னார்கள்: அவனுக்கும் சத்தம் கேட்டது. பாதி வலை ஏறிவிட்டது, மீதியையும் இழுத்துவிட்டு வருகிறேன் என்று கையைக் காட்டினான். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தில் போனவன்தான். அதற்குப் பிறகு ஊரே கூடிப் பேசி, பழைய ஆலை ஒன்றிலிருந்து இந்தச் சங்கை வாங்கி வந்தார்கள். அதோடு ஒரு கட்டுப்பாடும் வைத்தார்கள். மூன்று கேட்டால் வாயே பேசக்கூடாது, கத்திதான் பேசவேண்டும்.

அந்த நாத்தனார் மீன் சுத்தம் பண்ணுகிறவள். ஊரில் அவளுக்குப் பெயர் ரேடியோ. விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் கையும் நிற்காது, வாயும் நிற்காது.

இப்படியிருக்க, அந்த வருஷம் வேனில் சிலபேர் வந்து இறங்கினார்கள். தலைவராக வந்தவர் பெரிய வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். மூன்று நாள் இசையும் கலையுமாக ஊரோடு சேர்ந்து ஒரு விழா நடத்தப்போகிறோம் என்றார். ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கக்கூஸ் கட்டித் தருகிறோம் என்றதும் தலையாட்டிவிட்டார்கள்.

கக்கூஸ் வந்தது, நீல நிறத்தில், பிளாஸ்டிக்கில், வரிசையாக எட்டு. கதவில் ‘விருந்தினர்’ என்று எழுதியிருந்தது. மீன் காயப்போடுகிற தளத்தை மேடைக்கு எடுத்துக்கொண்டார்கள். மீன் சுத்தம் பண்ணுகிற பள்ளத்தின் மேல் மரத்தூளைக் கொட்டி, அதன் மேல் வாசனை மெழுகுவத்தி ஏற்றி வைத்தார்கள். மீன் குடலும் ரோஜாப்பூவும் கலந்து ஒரு நாற்றம் எழும்பியது பாருங்கள், தெருநாய்களே மூக்கைத் திருப்பிக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டன. ஐஸ் கொட்டகைச் சுவரில் ஐஸ்காரியின் வீட்டுக்காரர் முகத்தை ஆள் உயரத்துக்கு வரைந்து, கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீரும் வைத்தார்கள்.

ரேடியோ அதை நின்று நிதானமாகப் பார்த்தாள். “அண்ணன் அழுது நான் பார்த்ததே இல்ல. கடவாப்பல்லு புடுங்கினப்பகூட புடுங்கினவனைத்தான் அழவச்சாரு. இவங்களுக்கு எங்க காட்டினாரோ.”

“சும்மா இரு. காதுல விழப்போவுது” என்றாள் ஐஸ்காரி.

“விழட்டும் அண்ணி. அதோ பாரு, மூக்கைப் பொத்திக்கிட்டே போட்டோ எடுக்குறாங்க. போட்டோவுல நாறாதுல்ல.”

அந்தக் கூட்டத்தில் ஒலிப்பதிவுக்காரன் ஒருவன் இருந்தான். காதில் பெரிய மூடி, கையில் நீளக் கம்பு, கம்பு நுனியில் பூனைக்குட்டி மாதிரி மயிர் வைத்த மைக். விழாவுக்கு ஒரு மாதம் முன்னாலேயே வந்து ஊரில் இருக்கிற சத்தத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு திரிந்தான். ஐஸ் உடைக்கிற சத்தம், கயிறு உரசுகிற சத்தம், ரேடியோ கத்தியைத் தீட்டுகிற சத்தம். கடைசியில் சங்கிடம் வந்தான்.

“அக்கா, இதை ஒரு தடவை சுத்திக் காட்ட முடியுமா?”

“சும்மா சுத்துறதுக்கு இது ராட்டினம் இல்ல தம்பி. படகு வெளிய இருக்கு.”

“எப்ப முடியும்னு சொல்லுங்க, காத்திருக்கேன்.”

மரியாதையாகத்தான் கேட்டான். பொய் சொல்லக்கூடாது. ஐஸ்காரிக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்கக்கூடாது. இருபது வருஷத்தில் அவள் வேலையைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எல்லாரும் கடலுக்குப் போகாத ஓய்வு நாள் வந்தது. காலையில் மணலில் இறங்கிப் படகுகளை எண்ணினாள். பதினொன்று. திரும்பவும் எண்ணினாள். நாற்பது வீட்டு வாசலிலும் நின்று, “இன்னைக்குச் சங்கு ஊதும், நெசம் இல்ல, யாரும் பதறாதீங்க” என்று சொன்னாள். காது கேளாத கிழவர் வீட்டிலும் போய்க் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்கும் ஆள் விட்டாள். அப்புறம்தான் கைப்பிடியைத் தொட்டாள்.

மூன்று நீள ஊளை. ஒலிப்பதிவுக்காரன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

“அருமை அக்கா. இன்னொரு தடவை. முடிக்கிறப்ப கொஞ்சம் சோகமா முடிங்க.”

“சோகமா எப்படிச் சுத்துறது?”

“மெதுவா விடுங்க. அழுது ஓயற மாதிரி.”

ஐந்து தடவை சுற்றவைத்தான். ஐந்தாவது தடவை அழகாக வந்தது என்று அவளுக்கே தோன்றியது. “இதை என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள்.

“பத்திரமா வச்சிருப்போம்.”

பத்திரம் என்றதும், பெட்டியில் மடித்து வைத்த துணி மாதிரி நினைத்துக்கொண்டாள். ஊதியது ஊதியாச்சு, சத்தம் காற்றோடு போயாச்சு, அவனிடம் அதன் அடையாளம்தான் இருக்கிறது என்று நினைத்தாள். கண்ணுகளா, அவளை முட்டாள் என்று சொல்லிவிடாதீர்கள். அவள் அறிந்த சங்குக்கு ஒரு கைப்பிடிதான் உண்டு. அதைப் பிடிக்காமல் அது ஊதாது.

அதனால்தான் விழா ஆரம்பித்த அன்று, வந்திருக்கிற கூட்டத்தில் எவராவது விளையாட்டாகச் சுற்றிவிடப்போகிறார்களே என்று, கைப்பிடியில் சங்கிலி போட்டுப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள்.

அந்த வாரம் மீன் பாய்ச்சல். வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள்தான் வெள்ளி மாதிரி கரையோரம் திரண்டு வரும். விழாவாவது ஒன்றாவது என்று ஆறு படகு கடலில் இருந்தது. வெள்ளைத்தொப்பி அதற்கும் சந்தோஷப்பட்டார். “பின்னாடி படகு தெரிஞ்சா காட்சிக்கு நல்லா இருக்கும்” என்றார். வீட்டுக்காரர் இரண்டாம் நாள் சோறும் பொரித்த மீனும் தூக்கில் கட்டிக்கொண்டு மத்தியானமே போய்விட்டார்.

சாயங்காலம், வெயில் மஞ்சளாகும் நேரம், ஐஸ்காரியும் ரேடியோவும் கூட்டத்தின் பின்னால் கவிழ்த்த கூடைகளில் உட்கார்ந்தார்கள். முன்னால் ஊர்க்காரர்களுக்கு இடம் இல்லை. புல்லாங்குழல் வாசித்தார்கள், அது நன்றாகவே இருந்தது. அப்புறம் ஒரு பெண் வலைக்குள் புரண்டு புரண்டு ஆடினாள்.

“சிக்கை எடுக்கிறவளுக்குத்தானே தெரியும் கஷ்டம்” என்றாள் ரேடியோ. “இவ புரண்டுட்டுப் போயிடுவா. நாளைக்கு நான் உக்காந்து பிரிக்கணும்.”

சிரித்து முடிக்கவில்லை. அலமாரி அலமாரியாக அடுக்கியிருந்த ஸ்பீக்கர்களிலிருந்து சங்கு ஊதியது.

ஒன்று.

ஐஸ்காரியின் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவி அங்கேயே இருந்தது.

இரண்டு.

எழுந்து மேட்டுக்கு ஓடினாள். சங்கு மேடையில் சும்மா இருந்தது. சங்கிலி அப்படியே, பூட்டு அப்படியே. உருளையின் மேல் கையை வைத்தாள். ஆடவில்லை, அசையவில்லை. கைக்குக் கீழே ஊமையாக இருக்கிற அதே சங்கு, காதுக்குள் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. தன் தொண்டையைத் தானே பிடித்துக்கொண்டிருக்க, தன் குரல் வேறு எங்கோ கத்துவது போல இருந்தது அவளுக்கு.

மூன்றாவது, அழுது ஓய்வது போல, அவள் ஐந்தாவது தடவை சுற்றியது போலவே முடிந்தது.

கீழே இறங்கி ஓடி ஒலிப்பதிவுக்காரனிடம் போனாள். “நிறுத்து, தம்பி. படகு வெளிய இருக்கு. நிறுத்து.”

அவன் உதட்டில் விரலை வைத்து, “ஷ்ஷ்” என்றான்.

கடலில் ஆறு படகும் திரும்பின. மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஒன்றையொன்று பார்க்காமல், எஞ்சின் புகையக் கரையைப் பார்த்து வந்தன. கூட்டம் எழுந்து நின்றது. வெள்ளைத்தொப்பி மைக்கைப் பிடித்து, குரல் தழுதழுக்க, “கடலே பதில் சொல்கிறது” என்றார். கை தட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்காரர் படகு நிற்பதற்கு முன்பே இடுப்புத் தண்ணீரில் குதித்தார். கையில் அறுத்த கயிற்றின் நுனி. அவசரத்தில் விரலையும் அறுத்திருந்தார், ரத்தம் ஒழுகியது. வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை. பின்னால் இறங்கிய வாலிபன் ஒருவன் மூச்சு முட்டி, மண்டிபோட்டுத் தண்ணீரில் வாந்தி எடுத்தான். அதையும் குனிந்து குனிந்து படம் எடுத்தார்கள்.

“எங்க காத்து?” என்று கேட்டார் வீட்டுக்காரர், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். ஐஸ்காரியைக் கண்டதும், “நீ சுத்துனியா?” என்றார்.

அவள் சாவியை எடுத்துக் காட்டினாள்.

“அப்ப யாரு?”

“நான்தான். ஆனா இன்னைக்கு இல்ல.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கயிற்று நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்தார். மீன் வாடைக்கு இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டார்கள், கை தட்டிக்கொண்டே.

வீட்டில் ரேடியோதான் அண்ணன் விரலுக்குத் துணி கட்டினாள். அன்றைக்கு ரேடியோ வாய் திறக்கவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதி பதினாலு வருஷமாக இருந்ததில்லை. ஐஸ்காரி தட்டில் சோற்றைப் போட்டுவைத்தாள். யாரும் தொடவில்லை.

“திட்டுறதுன்னா திட்டிடுங்க” என்றாள்.

“எதுக்குத் திட்டணும்? வலை போச்சு, வேற பின்னிக்கலாம்.” அவர் கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே பேசினார். “இன்னைக்குச் சத்தம் கேட்டுச்சு. நான் யோசிக்கல. கை அறுத்துடுச்சு. அடுத்த தடவை கேட்டா, அது நீயா, அந்தப் பெட்டியான்னு யோசிப்பேன். வேணாம்னாலும் மனசு யோசிக்கும். ஒரு மூச்சு நேரம் கை நிக்கும்.” தங்கையைப் பார்த்தார். “அந்த ஒரு மூச்சுலதானே இவ புருஷன் போனான்.”

ரேடியோ எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே இருந்து, “சோறு ஆறுது” என்று மட்டும் சத்தம் வந்தது.

மறுநாள் காலை ஆறு படகும் வலையைத் தேடிப் போயின. இரண்டுதான் கிடைத்தன. மீன் பாய்ச்சல் நேரமல்லவா, வலை நிறைய மீன். ராத்திரி முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் கிடந்து வயிறு உப்பி வெடித்து, கண் வெள்ளை வெள்ளையாக, நண்டு பிய்த்துத் தின்ற மிச்சம். வலையைப் பிரித்துப்போட அந்த ஊரில் ஒரே ஒரு சமதளம்தான் உண்டு. அதன் மேல் மேடை இருந்தது. வீட்டுக்காரரும் மற்றவர்களும் யாரிடமும் கேட்காமல் மேடையிலேயே இழுத்துப் போட்டார்கள். சீழ் மாதிரித் தண்ணீர் பலகை இடுக்கில் வழிந்தது. ரேடியோ முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அழுகிய மீனைப் பிய்த்துப் பிய்த்து எறிய ஆரம்பித்தாள்.

வெள்ளைத்தொப்பி வந்தார். ஒரு கையில் மூக்குக்குக் கைக்குட்டை, இன்னொரு கையில் ஐஸ்காரிக்கு ஒரு சால்வை.

“வருத்தப்படாதீங்க. வலைக்கு உண்டானதைக் கொடுத்துடறோம். ஆனா நேத்து நடந்தது இருக்கே, அது யாராலயும் திட்டம்போட்டுச் செய்யமுடியாத கலை. இன்னைக்கு முடிவுலயும் அந்த ஒலியை வைக்கலாம்னு…”

“வலையைப் பத்தி யாரு பேசினா?” என்றாள் ஐஸ்காரி. “என் சங்கைத் திருப்பிக் குடுங்க.”

“சங்கு உங்ககிட்டதானே இருக்கு?”

“இரும்பு எங்கிட்ட இருக்கு. சத்தம் உங்ககிட்ட இருக்கு. அழிச்சிடுங்க.”

வெள்ளைத்தொப்பி ஒலிப்பதிவுக்காரனைப் பார்த்தார். அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. “அழிச்சாலும் பிரயோஜனம் இல்லக்கா. நேத்தே எல்லாரும் போன்ல எடுத்துட்டாங்க. அனுப்பிட்டாங்க. எத்தனை பேரு கேட்டாங்கன்னு எனக்கே தெரியாது.”

அதை அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, டீ வாங்க நின்ற கூட்டத்தில் யாருடைய சட்டைப்பையிலோ சங்கு ஊதியது. சின்னதாக, தகரக் குரலில். போன் மணி.

மேடையில் குனிந்திருந்த வீட்டுக்காரரின் கை இடுப்புக் கத்திக்குப் பாய்ந்தது. கத்தி பாதி உருவிவிட்டது. எங்கே இருக்கிறோம் என்று தெரிந்ததும் திரும்பச் செருகினார். எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. போனுக்குச் சொந்தக்காரர், “நல்லா இருக்குல்ல?” என்று பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

ஐஸ்காரிக்கு அடிவயிற்றிலிருந்து எழும்பிக்கொண்டு வந்தது. அழுகின மீன் நாற்றம் அவளுக்குப் பழக்கம், அதில் வராத குமட்டல். திரும்பி நின்று மணலில் துப்பினாள். சால்வையை வாங்கி, அதை ரேடியோவிடம் கொடுத்தாள். “கை துடைச்சுக்க.”

ரேடியோ துடைத்துக்கொண்டாள். முழங்கை வரைக்கும்.

அன்று விழாவைச் சீக்கிரமே முடித்துக்கொண்டார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். போகும்போது நீல கக்கூஸையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் இருந்ததை மட்டும் மணலில் விட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் காலை ஐஸ்காரி சங்கின் பூட்டைத் திறந்தாள். “இதைக் கழட்டுங்க” என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

“எதுக்கு?”

“அழகா இருந்ததாலதானே எடுத்துட்டுப் போனாங்க. இனிமே அழகா இருக்கக்கூடாது.”

அவர் அவளையே பார்த்தார். அப்புறம் போய் ஸ்பானர்களை எடுத்து வந்தார். உருளையை வெளியே உருவினார்கள். சுற்றிலும் எட்டு சன்னல். பழைய எண்ணெய் டின்னை வெட்டி, இரண்டு சன்னலை முழுக்க அடைத்து ஆணி அடித்தார்கள். ஒன்றைப் பாதி அடைத்தார்கள். மாட்டிவிட்டு, மணலில் பதினோரு படகையும் எண்ணிவிட்டு, நாற்பது வீட்டிலும் சொல்லிவிட்டு வந்து சுற்றினாள்.

அது ஊதவில்லை. காறியது. சளி அடைத்த தொண்டை மாதிரி கரகரவென்று விக்கி, இழுத்து, குடலைப் புரட்டிக்கொண்டு வெளியே வந்தது. அடைகாத்த கோழி எழுந்து ஓடியது.

ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டாள். “அண்ணன் காலையில பல்லு விளக்குறப்ப காறுவாரே, அதேதான் அண்ணி. ஊருக்கே கேக்குற மாதிரி.”

இரண்டு நாளைக்குப் பிறகு அந்த வீட்டாரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார்.

விட்டுப்போன வயர்களைச் சுருட்ட வந்திருந்த ஒலிப்பதிவுக்காரன் சத்தம் கேட்டு மேட்டுக்கு ஏறி வந்தான். கையில் மைக் இருந்தது. முகத்தைச் சுளித்துக் காது மூடியைக் கழற்றினான்.

“கெட்டுப்போச்சா அக்கா?”

“ஆமா தம்பி. கெட்டுப்போச்சு.”

அவன் மைக்கைப் பைக்குள் வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

சத்தம் நாறினால் மட்டும் போதுமா? கேட்டதும் கை நிற்குமா, அறுக்குமா? அது யாருக்கும் தெரியாது. ஐஸ்காரிக்குத் தூக்கம் இல்லை. இரண்டு மாதம் போயிற்று. ஒரு நாள் முற்பகல், ஐஸ் உடைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. மேற்கே வானம் ஈயம் மாதிரி இருந்தது. ஒன்பது படகு வெளியே. சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடிச் சுற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அந்தக் கேவலமான குரல் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. ரேடியோ மணலில் நின்று, ஈரக் கையைக் கண்ணுக்கு மேல் பிடித்துக்கொண்டு எண்ணினாள். ஏழு. எட்டு. கடைசிப் படகு கண்ணில் படவே நேரமாயிற்று. அது வந்து மணலில் முட்டியபோது மழை விழ ஆரம்பித்தது.

வீட்டுக்காரர் இறங்கினார். கையில் அறுத்த கயிற்று நுனி.

“யோசிச்சீங்களா?” என்று கேட்டாள் ஐஸ்காரி.

“எங்க யோசிக்கிறது? கேட்டதும் வயித்தைப் புரட்டிடுச்சு.” அவர் கயிற்று நுனியை அவள் கையில் வைத்தார். “இவ்வளவு அசிங்கமான சத்தம் நம்ம வீட்டைத் தவிர எங்கயும் வராது.”

அவ்வளவுதான் கதை, கண்ணுகளா. எழுந்து போகும்போது குழந்தைகளைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு குரல் இருக்கும், கரகரவென்று, ஊரார் கேட்டால் முகம் சுளிக்கிற மாதிரி. அது எந்தப் பெட்டிக்குள்ளும் அகப்படாமல் இருக்கட்டும். அது கூப்பிடும்போது வெளியே போன உங்கள் ஆட்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்து சேரட்டும். உங்கள் வீட்டுத் தலைகளை எண்ணும்போதெல்லாம் கணக்குச் சரியாக இருக்கட்டும், உங்கள் அடுப்பில் சோறு சூடு ஆறாமல் இருக்கட்டும்.